செல்லாக் காசின் பெறுமதி: இலங்கையின் நிக்கல் நாணயக் குற்றிகள் பற்றிச் சில குறிப்புகள்

நோன்புப் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் எங்கள் ராத்தா ஒரு தகரப்பேணியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தா.

"தம்பி, இதுல கிடக்கிற சதுரக் குத்தி லட்சக்கணக்கில போகுமாம். மருமகன் போன்ல காட்டினார். பழைய அஞ்சு சதம் வச்சிருக்கிறவங்க பணக்காரராம். நீ படிச்சனீதானே, பாத்துச் சொல்லு."

அது எங்கள் வாப்பாவின் பேணி. ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்தது. பின்னர் முப்பது வருடங்களுக்கு மேலாக ராத்தாவின் பெட்டகத்தின் அடியில் கிடந்தது. மூடியைத் திறந்து பழைய பத்திரிகைத் தாள் ஒன்றின் மேல் கொட்டினேன். நாற்பத்து மூன்று குத்திகள். ராத்தாவின் வீட்டுக் கூரையில் ஓடு மாற்ற வேண்டியிருந்தது என்பது எனக்குத் தெரியும். எதை எதிர்பார்த்து அவ வந்திருக்கிறா என்பதும் தெரியும். அதனால் உடனே வாய் திறக்கவில்லை. "ரெண்டு கிழமை தாங்க ராத்தா, ஒவ்வொண்டாப் பாத்துச் சொல்றன்" என்றேன்.

அந்த இரண்டு கிழமையில் பார்த்ததையும் படித்ததையும், அதற்கு முன்பே வாப்பாவிடம் கற்றதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நம்மவர் வீடுகளில் இப்படிப் பேணிகள் நிறைய உண்டு. சிலர் ஏமாந்து விற்கிறார்கள். சிலர் ஏமாந்து விற்காமல் வைத்திருக்கிறார்கள். இரண்டு வகையினருக்கும் இது பயன்படலாம்.

வாப்பாவின் காந்தம்

யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்கு அருகே வாப்பாவுக்குச் சின்னதொரு கடை இருந்தது. பழைய இரும்பு, பித்தளை, செம்பு, ஈயம் எல்லாம் நிறுத்து வாங்கி, கொழும்புக்கு அனுப்புவார். பழைய குத்துவிளக்குக்குள்ளும் உடைந்த உண்டியலுக்குள்ளும் இருந்து சில்லறை விழும். மற்றவற்றை நிறுத்துக் கொடுப்பார், குத்திகளை மட்டும் எடுத்துப் பேணியில் போடுவார். "ராசாட தலை இருக்கிறதை உருக்கக் கூடாது" என்பார். அது சட்டப் பயமா, மரியாதையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவரது கல்லாவில் நூலில் கட்டிய காந்தத் துண்டொன்று தொங்கும். உலோகத்தை அறிய அவருக்கு மூன்று வழிகள். ஒன்று காந்தம். இரண்டாவது சத்தம்: வெள்ளிக் காசைச் சிமெந்துத் தரையில் போட்டால் மணிபோல நீண்டு ஒலிக்கும், நிக்கல் கலந்தது 'டக்' என்று சுருங்கும். மூன்றாவது நிறை. இன்று நாணயம் சேர்ப்போர் டிஜிட்டல் தராசும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வைத்திருக்கிறார்கள். அடிப்படை அதேதான்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். நாம் 'நிக்கல் காசு' என்று சொல்பவை எல்லாம் நிக்கல் அல்ல. வெண்மையாக இருப்பவற்றில் பெரும்பாலானவை செம்பு நான்கில் மூன்று பங்கும் நிக்கல் ஒரு பங்கும் கலந்த உலோகம். செம்பு முக்கால்வாசி இருந்தும் நிறம் வெள்ளிபோல இருக்கும். நிக்கலின் வல்லமை அது. இதைக் காந்தம் இழுக்காது. கலப்பற்ற நிக்கலைக் காந்தம் இழுக்கும். உருக்கின் மேல் நிக்கல் பூசிய புதிய காசுகளையும் இழுக்கும். நமது இரண்டு ரூபாவிலேயே இதைச் சோதிக்கலாம்: 1984ஆம் ஆண்டுக் குத்தியைக் காந்தம் தொடாது, 2005க்குப் பிந்தியது ஒட்டிக்கொள்ளும். மஞ்சளாக இருக்கும் பழைய ஐந்து சதம், பத்துச் சதம் ஆகியவை நிக்கல் பித்தளை. செம்பும் நாகமும் பெரும்பகுதி, நிக்கல் மிகச் சிறிதளவு.

நிக்கலைத் தனி உலோகமாக இனங்கண்டவர் சுவீடனின் குரொன்ஸ்டெட், 1751இல். ஆனால் அதற்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கத்தில் ஆண்ட பாக்ரியக் கிரேக்க மன்னர் சிலர் செம்பும் நிக்கலும் கலந்த காசுகளை அடித்திருக்கிறார்கள். பெயர் தெரியாமலே உலோகத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நவீன காலத்தில் பெல்ஜியம் 1860களின் தொடக்கத்தில் இந்தக் கலப்பை எடுத்தது. சுவிற்சர்லாந்து 1881இல் கலப்பற்ற நிக்கலிலேயே காசு அடித்தது. வெள்ளியைவிட மலிவு, செம்பைவிடத் துப்புரவு, எளிதில் தேயாது, கள்ளக் காசு செய்பவனுக்குக் கடினம். இந்த நான்கு காரணங்களுக்காகத்தான் அரசாங்கங்கள் நிக்கலை விரும்பின.

செம்பிலிருந்து வெண்சதுரத்துக்கு

இலங்கையில் ரூபாய், சதம் என்ற தசமக் கணக்கு 1872 சனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கென அடித்த முதற் செம்புக் காசுகளில் 1870 என்ற ஆண்டே இருக்கும். ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம், காற் சதம் என நான்கு. ஒரு பக்கம் விக்ரோறியா மகாராணி, மறுபக்கம் பனை. ரூபாவோ இந்திய வெள்ளி ரூபாய்தான். 1892இலிருந்து ஐம்பது, இருபத்தைந்து, பத்துச் சதங்கள் வெள்ளியில் வந்தன.

அந்தச் செம்பு ஐந்து சதம் பெரிய வட்டக் குத்தி. நாலைந்து சேர்ந்தால் மடி கனக்கும். சந்தைக்குப் போகிறவருக்கு அது தொல்லை. வெள்ளிப் பத்துச் சதமோ விரலிடுக்கில் நழுவும் சிறு குத்தி. இரண்டுக்கும் நடுவில் ஒரு காசு தேவைப்பட்டது. 1909இல் வந்தது வெண்ணிற, மூலை மழுங்கிய, சதுர ஐந்து சதம். நிறை அறுபது கிறெயின், அதாவது 3.89 கிராம். இருட்டில் தடவினாலும் தெரியும். கண் தெரியாதவர் கையிலும் ஏமாற்ற முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வடிவமே எழுத்து. அதோடு பெறுமதி ஆங்கிலத்தில் மட்டுமன்றிச் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. பாடசாலைக்குப் போகாத எத்தனையோ பேர் தினமும் கையில் வைத்திருந்த தமிழ் எழுத்து அதுவாகத்தான் இருந்திருக்கும்.

இந்த வெண்சதுரத்தை அடையாளம் காண ஒரு எளிய கணக்கு உண்டு. ஐந்தே ஐந்து ஆண்டுகள்: 1909, 1910, 1912, 1920, 1926. முதல் இரண்டிலும் முடி சூடிய ஏழாம் எட்வேர்ட், வலப்பக்கம் பார்த்தபடி. அடுத்த மூன்றிலும் ஐந்தாம் ஜோர்ஜ், இடப்பக்கம் பார்த்தபடி. இருவருக்கும் தாடி உண்டு. ஆதலால் தாடியை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், முகம் திரும்பிய திசையைப் பாருங்கள். 1910, 1912 ஆண்டுக் குத்திகளில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடினால் சிறியதொரு 'எச்' எழுத்துத் தென்படும். பர்மிங்ஹாம் நகரில் இருந்த ஹீட்டன் நாணயசாலையின் அடையாளம் அது. 1935 என்றோ 1938 என்றோ ஆண்டு போட்ட வெள்ளை ஐந்து சதத்தை யாராவது காட்டினால் அதைக் கையில் எடுக்கவே தேவையில்லை.

எங்கள் பேணியில் வெண்சதுரங்கள் ஏழு இருந்தன. ஒன்று மற்றவற்றைவிடப் பெரிது. ராத்தா அதைத்தான் 'பெரிய விலைக் குத்தி' என்று எண்ணியிருந்தா. திருப்பிப் பார்த்தேன். இந்தியாவின் இரண்டணா. முதலாம் உலகப் போரில் வெள்ளி தட்டுப்பட்டபோது, 1918இல் இந்தியா இரண்டணாவைச் செம்பு-நிக்கலுக்கு மாற்றியது. அதுவும் சதுரம், அதுவும் மூலை மழுங்கியது, அதிலும் ஐந்தாம் ஜோர்ஜ். வேறுபாடு எழுத்தில்: இந்தியக் காசில் உருது, வங்காளம், நாகரி, தெலுங்கு. நிறை 5.83 கிராம். கப்பலும் தோணியுமாக இரு கரையும் தொடர்புபட்டிருந்த காலத்தில் இக்காசுகள் காயல்பட்டினத்து வியாபாரியின் மடியில் வந்திருக்கலாம், தோட்டத்து ஆட்களுடன் வந்திருக்கலாம். எங்கள் பேணிக்கு அது எப்படி வந்தது என்பதை வாப்பாதான் சொல்ல வேண்டும்.

இந்தியாவின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 1919இல் அங்கே நிக்கல் கலப்பில் எட்டணாவும் வெளியிட்டார்கள். கள்ளக் காசுக்காரர் அதன்மேல் விழுந்தார்கள். சில வருடங்களிலேயே அதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நிக்கலைப் போலியாக்குவது கடினம்தான். ஆனால் காசின் முகப் பெறுமதி உலோகத்தின் விலையைவிட மிக அதிகமென்றால் கடினமும் லாபமாகிவிடும். 1919, 1920ஆம் ஆண்டு எட்டணாக்களில் இன்று கையில் கிடைப்பவற்றுள் அந்தக் காலத்துப் போலிகளும் கலந்திருக்கலாம்.

போர் வந்தது, மஞ்சள் வந்தது

இரண்டாம் உலகப் போரில் நிக்கல் ஆயுத உலோகமாயிற்று. கவச உருக்குக்கு நிக்கல் வேண்டும். அமெரிக்காகூட 1942இல் தன் 'நிக்கல்' எனப்படும் ஐந்து சதத்திலிருந்து நிக்கலை எடுத்துவிட்டது. இலங்கையிலும் சில்லறைத் தட்டுப்பாடு. 1942இல் அரசாங்கம் ஐந்து சதத்துக்கே கடதாசி நோட்டு அச்சிட்டது. நடுவில் துளையிட்டு, இரண்டு சதம் ஒரு துண்டு, மூன்று சதம் ஒரு துண்டு என்று கிழித்துப் பாவிக்கும்படி. முத்திரைக் கடதாசிபோல இருக்கும். அது எங்காவது குர்ஆன் பிரதிக்குள்ளோ பழைய கணக்குக் கொப்பிக்குள்ளோ கிடந்தால், மடித்த கோட்டை நீவாமல் அப்படியே வையுங்கள்.

அதே ஆண்டு சதுர ஐந்து சதம் மஞ்சளாயிற்று. ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை, நிக்கல் பித்தளை. 1942, 1943இல் பழைய அறுபது கிறெயின் நிறை. 1944, 1945இல் ஐம்பது கிறெயினாக, 3.24 கிராமாக, மெலிந்தது. போர் எவ்வளவு நெருக்கியது என்பதை ஒரு குத்தியின் கனத்திலேயே காணலாம். வாப்பா இதை அறிந்திருந்தார். இரண்டு குத்திகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து என் விரலால் தடவச் செய்து, "இது சண்டைக்கு முன் தின்ட காசு, இது சண்டைக்குள்ள பட்டினி கிடந்த காசு" என்பார்.

1943இல் இருபத்தைந்து, ஐம்பது சதங்கள் வெள்ளியை விட்டுப் பித்தளைக்கு வந்தன. 1944இல் ஓரம் நெளிந்த பத்துச் சதமும் இரண்டு சதமும் வந்தன. வெள்ளி ஏற்கெனவே மெலிந்துதான் இருந்தது: 1917 வரை நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி, 1919 முதல் ஐம்பத்தைந்து. ஆகவே பேணியில் வெண்ணிற வட்டக் குத்தி இருந்தால் உடனே 'நிக்கல்' என்று ஒதுக்காதீர்கள். ஐந்தாம் ஜோர்ஜின் வட்டப் பத்துச் சதம் வெள்ளி. ராணியின் தலையே இல்லாமல் நாட்டின் இலச்சினையுடன் 1963இலிருந்து வந்த இருபத்தைந்து சதம், ஐம்பது சதம், ஒரு ரூபாய் ஆகியவைதான் செம்பு-நிக்கல்.

எழுத்திலும் வரலாறு உண்டு. 1942 முதல் 1945 வரையான காசில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் இந்தியாவின் சக்கரவர்த்தியும்கூட. 1951ஆம் ஆண்டுக் காசில் அவர் வெறும் மன்னர். இடையில் 1947 வந்து போயிருந்தது. ஒரு சாம்ராச்சியம் சுருங்கியதை ஐம்பது சதக் குத்தியில் வாசிக்கலாம். இந்தியாவின் கடைசி மன்னர் காலத்து ரூபாய், 1947ஆம் ஆண்டு, கலப்பற்ற நிக்கல், பின்புறம் புலி. வாப்பாவின் காந்தம் துள்ளிப் பிடித்த பழைய காசு அது ஒன்றுதான்.

பேணியில் இன்னொன்று. அரபு இலக்கத்தில் 1379, பக்கத்தில் 1960. ராத்தா அதை 'மக்கத்துக் காசு' என்று தனியாகத் துணியில் முடிந்து வைத்திருந்தா. உண்மையில் அது மாலைதீவின் லாரி, நிக்கல் பித்தளை. நமது ரூபாவே ஒரு காலத்தில் மாலைதீவிலும் புழங்கியது; பின்னர் அவர்கள் தம் காசில் ஹிஜ்ரி ஆண்டையும் கிறிஸ்து ஆண்டையும் சேர்த்துப் பொறித்தார்கள். லாரி என்ற பெயரோ பாரசீகத்தின் லார் நகரிலிருந்து வந்தது. அந்நகரின் பெயரால் அழைக்கப்பட்ட வளைந்த வெள்ளிக் கம்பிக் காசைத்தான் நம் முன்னோரான கடல் வியாபாரிகள் இலங்கைத் துறைமுகங்களில் கொடுத்து வாங்கினார்கள். அரபு எழுத்து இருப்பதெல்லாம் மக்காவிலிருந்து வந்ததல்ல என்று சொன்னபோது ராத்தாவின் முகம் கொஞ்சம் வாடியது. "பரவாயில்ல, முடிச்சிலயே இருக்கட்டும்" என்றா.

விலை எங்கிருந்து வருகிறது

பழையது என்றால் விலை கூடும் என்பதே பெரும்பாலோர் நம்பிக்கை. அது சரியல்ல. ஒல்லாந்தர் காலத்துச் செப்புத் துட்டு இருநூறு வருடங்களுக்கு மேல் பழையது, கடலோர ஊர்களில் மண் கிளறினால் கிடைக்கிறது, அதனால் மலிவு. விலையைத் தீர்மானிப்பவை மூன்று: எத்தனை மிஞ்சியிருக்கின்றன, என்ன நிலையில் இருக்கிறது, வாங்க ஆள் உண்டா.

நிலைதான் இதில் முதன்மை. சதுரக் காசில் முதலில் தேய்வது நான்கு மூலையும், மன்னரின் முடியும், காதும், தாடியின் மேடும். முடியிலுள்ள கல்வரிசை தெளிவாகத் தெரிந்தால் நல்ல குத்தி. தட்டையாகிவிட்டதென்றால் அது ஆயிரம் கை மாறியது. கை படாத குத்தியை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தால், ஒளி சக்கரத்தின் ஆரம்போலச் சுழன்று ஓடும். அந்த அச்சுப் பளபளப்பை எந்த மெருகாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதே ஆண்டு, அதே மன்னர், அதே உலோகம். தேய்ந்த குத்தி ஒரு தேநீர்க் காசுக்குப் போகும், பளபளப்புக் குன்றாதது அதைப்போல் பல மடங்கு போகும். போர்க்காலத்து மஞ்சள் சதுரங்கள் ஏராளமாக அடிக்கப்பட்டவை. தேய்ந்த நிலையில் அவற்றை வாங்க யாரும் அவசரப்படுவதில்லை. ஏழாம் எட்வேர்ட் காலத்து இரண்டும் அவற்றைவிடத் தேடப்படுபவை.

'லட்சக்கணக்கு' எப்படி வருகிறது? கேட்கும் விலையும் விற்ற விலையும் வேறு. யாரும் எந்தக் குத்திக்கும் எவ்வளவும் கேட்கலாம். விற்றுத் தீர்ந்த விலையை மட்டும் பாருங்கள். பெரும் விலை தருவதாகச் சொல்லி, முதலில் 'பதிவுக் கட்டணம்' அனுப்பும்படி கேட்பவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அரிசியை இழுக்கும் காசு, இடி விழுந்த செம்பு என்று வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். 1616, 1818 என்று ஆண்டிட்டு, கிழக்கிந்தியக் கம்பனியின் பெயரும் தெய்வ உருவமும் கொண்ட குத்திகள் பலவும் உலவுகின்றன. கம்பனி அப்படியொரு காசை வெளியிடவே இல்லை. அவை பிற்காலத்தில் கோயில் நினைவுப் பொருளாகச் செய்யப்பட்டவை.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. ஒல்லாந்தர் துட்டும் வளைந்த வெள்ளி லாரியும் அதில் அடங்கும். அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. நமது நிக்கல் சதங்களோ அதற்கு ஒரு நூற்றாண்டு பிந்தியவை.

புளியும் சாம்பலும்

இங்கே என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். 1993இல் புத்தளத்தில் நாங்கள் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். பாடசாலையில் கண்காட்சி. நான் வாப்பாவின் பேணியைக் கேட்டு வாங்கிப் போனேன். குத்திகள் மங்கலாக இருந்தன. வெட்கமாக இருந்தது. உம்மா செம்புக் குடம் விளக்குவதுபோல, புளியும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் தென்னந்தும்பால் தேய்த்தேன். பத்துப் பன்னிரண்டு குத்திகள் மின்னின. எனக்குப் பரிசும் கிடைத்தது.

புளியின் அமிலம் பித்தளையிலிருந்து நாகத்தை அரித்துவிடும். மஞ்சள் குத்தி இளஞ்சிவப்புத் தேமலாக மாறும். சாம்பல் வெண்குத்தியில் நூற்றுக்கணக்கான மயிர்க்கோடுகளைக் கீறும். நாணயம் சேர்ப்பவர் ஒரே பார்வையில் அதைக் கண்டுகொள்வார். அன்று வாப்பா அந்தக் குத்திகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். இரும்பும் பித்தளையும் தொட்டே வாழ்ந்த மனிதர். ஒன்றும் சொல்லவில்லை. "பரிசு என்னடா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே கழுவாதீர்கள், துடைக்காதீர்கள், பொலிஷ் போடாதீர்கள். ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். மலிவான மெதுபிளாஸ்ரிக் உறையில் வைத்தால் பச்சைப் பசை படியும். கடற்காற்று வீசும் நம் ஊர்களில் காய்ந்த கடதாசி உறைதான் நல்லது. உறையின் மேல் எழுதுங்கள். என்ன எழுதுவது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பேணி வந்த வழி

1990 ஒக்டோபர் 30. எனக்குப் பதினான்கு வயது, ராத்தாவுக்கு இருபது. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட வேண்டும். அந்த மாதம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். அந்த வரலாறு வேறு பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது, இன்னும் எழுதப்பட வேண்டும். நான் பேணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வாப்பா கடையின் கணக்குக் கொப்பியை எடுத்தார். உம்மா குர்ஆனையும் இரண்டு உடுப்புகளையும் எடுத்தா. ராத்தா என்ன நினைத்தாவோ, இந்தப் பேணியைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டா. வழியில் ஆயுதம் தாங்கியவர்கள் நிறுத்திச் சோதித்தார்கள். உம்மாவின் காப்பு போனது. ராத்தாவின் தோடு போனது. வாப்பாவின் பணம் போனது. கொப்பியும் போனது; யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதெல்லாம் அதில்தான். பிறகு ஒருவன் பேணியைக் குலுக்கினான். திறந்து கையை விட்டு அளைந்தான். அவனுக்கும் என் வயதைவிட இரண்டு மூன்று கூடத்தான் இருக்கும். "செல்லாக் காசு" என்று சொல்லி ராத்தாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

சோனகத் தெரு வீட்டிலிருந்து எங்களிடம் மிஞ்சிய ஒரே பொருள் இந்தப் பேணி.

ராத்தாவுக்குச் சொன்னது

இரண்டு கிழமை முடிந்தது. பட்டியல் எழுதிக்கொண்டு ராத்தாவிடம் போனேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். லட்சம் இல்லை. பத்தாயிரங்களும் இல்லை. பெரும்பாலானவை தேய்ந்தவை. நல்லவையாக இருந்திருக்கக்கூடிய சிலவற்றை நான் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ அண்டைக்குப் பரிசாக் கொண்டந்த கொப்பியிலதான் வாப்பா கடைக் கணக்குத் திரும்பவும் எழுதத் தொடங்கினாரு. ஞாபகமில்லியா?" என்று கேட்டா. எனக்கு ஞாபகமில்லை.

கொழும்பில் ஒரு நாணய வியாபாரியிடம் இருவரும் போனோம். நாற்பத்து மூன்றையும் துணிமேல் பரப்பினார். மூன்றை மட்டும் விரலால் ஒதுக்கினார்: 1909ஆம் ஆண்டு வெண்சதுரம் ஒன்று, ஒரு வெள்ளி ஐம்பது சதம், இந்திய நிக்கல் ரூபாய். நான் தேய்த்தவற்றைத் தொடவுமில்லை. வேறொருவரிடமும் விலை கேட்டுவிட்டு, முதலாமவரிடமே திரும்பி வந்து கொடுத்தோம். ஓட்டுக் கூரைக்கு அது எந்த மூலைக்கும் காணாது.

அந்தப் பணத்தில் ராத்தா பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்வந்தா. மருமகனும் மகளும் கூடப் போனார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடமாம். பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு, வெளியே வந்து கொஞ்சம் மண்ணை எடுத்து வந்திருக்கிறா. அதுவும் இப்போது பேணிக்குள்தான் இருக்கிறது. காசுக்கு மண் ஆகாது, ஈரம் பிடிக்கும் என்று சொன்னேன். ராத்தா கேட்கவில்லை. கடதாசி உறைகளில் குத்திகளைப் பிரித்துப் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஒரு பேணி இருக்கும். விற்பதென்றால் அறிந்து விற்றுவிடுங்கள், அதில் பிழையில்லை. விற்குமுன் ஒவ்வொரு உறையின் மேலும் மூன்று வரி எழுதுங்கள்: எந்த ஆண்டுக் காசு, யாரிடமிருந்து வந்தது, எந்த ஊரில் கிடந்தது. முதலாவது வரியை எந்த நாணயப் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் உங்கள் உம்மாவுக்கோ மாமாவுக்கோ மட்டும் தெரிந்தவை. அவர்கள் மவுத்தானபின் யாரிடமும் கேட்க முடியாது. எங்கள் இரண்டணா எப்படி வந்தது என்று நான் வாப்பாவிடம் கேட்கவே இல்லை. அந்த உறையின் இரண்டாம் வரி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.